வெளிமீன்

“ஏன்னா, இந்த மீனுக்கு முதுகு எப்படி இப்படி வளைஞ்சுது?” அனந்தலக்ஷ்மி மறுபடியும் கேட்டாள்.

பவானிபூர் வீட்டில் நாளைக் காலை மகளுக்கு நிச்சயதார்த்தம். அவள் கணவர் பட்டாபிராமனோ தங்கமீன் தொட்டியை விட்டு நகரவில்லை.

“தானா வளையுமா? ஒரே ஜோடிக்குப் பொரிஞ்ச குஞ்சுகளையே சேர்க்கணும். அதுகளோட குஞ்சுகளையும் அதுகளுக்குள்ளேயே சேர்க்கணும். வெளிமீன் கலக்கப்படாது. எங்கிட்ட மீன் வாங்கற சௌரங்கித் தெரு வெள்ளைக்கார துரைமாரெல்லாம் இந்தக் கூனுக்குத்தான் பிராணனை விடறா.”

“பாவம்னா, நேரா நீந்த முடியாமப் புரள்றதே!”

“அதுதாண்டி அழகு, அசடு!”

“வெளிமீனைச் சேர்த்தா?”

“முதுகு நேராயிடும். நான் பட்ட பாடெல்லாம் வீண்.”

உள்ளறையில், நிமிர்ந்து உட்கார முடியாத மகன் வலியில் முனகினான்.

அனந்தலக்ஷ்மி கணவரின் காலைக் கட்டிக்கொண்டாள். தாலி ஏறிய நாளோடு விட்டுவிட்ட பழைய முறையைச் சொல்லிக் கதறினாள்.

“மாமா! எங்கம்மாவோட தம்பி நீங்க. உங்களைக் கட்டிண்டேன், பிள்ளை கூனோட பொறந்தான். இப்போ நம்ம பொண்ணையும் என் தம்பிக்கே குடுக்கறேளே! அவளுக்காவது ஒரு வெளிமீனைப் பாருங்கோ!”