வேலியோரப் பாத்தி

"ஆகஸ்ட் கடைசியில நம்ம பூப்பாத்தி நிறத்துல கொழுந்துவிட்டு எரியணும், ஐவி. இந்த வருஷக் கோப்பை நமக்குத்தான்," என்றார் வில்ஃப். சுரங்கத்தில் கரி வெட்டிய காலத்திலிருந்தே, ஊர் கிளப் நடத்தும் தோட்டப் போட்டியில் அவர் பக்கத்து வீட்டு நார்மனிடம் தோற்றுக்கொண்டிருந்தார்.

"அப்ப டேலியா போடுங்க," என்றாள் மனைவி.

வேலிக்கு மேல் நார்மனின் தலை முளைத்தது. "டேலியாவை நத்தை தின்னுடும்பா. ஆளுயரச் சூரியகாந்தி போடு. இந்த வேலியோரமா போடு, காலை வெயில் நல்லா விழும். எனக்கு முதுகு புடிச்சுக்கிச்சு, இந்த வருஷம் நான் ஒண்ணும் நடல."

சொன்னதோடு நிற்காமல், வெயிலை மறைக்கிறதென்று தன் வேலியையே இடுப்பளவுக்கு அறுத்துத் தள்ளினார். வில்ஃப் நெகிழ்ந்துபோய் பப்பில் அவருக்கு பீர் வாங்கிக் கொடுத்தார்.

போட்டியன்று காலை நடுவரம்மா வந்தாள். வழக்கம்போல உள்ளே வராமல், ஒவ்வொரு வீட்டு கேட்டிலும் நின்று பார்த்து மதிப்பெண் போட்டாள். வில்ஃப் வீட்டு கேட்டில் உதட்டைப் பிதுக்கினாள். அடுத்த கேட்டில், "அடேயப்பா!" என்று வாயைப் பிளந்தாள். கோப்பை அங்கேயே முடிவாகிவிட்டது.

வில்ஃப் பதறி ஓடி நார்மன் வீட்டு கேட்டில் நின்று பார்த்தார். தான் நட்ட சூரியகாந்தி அத்தனையும் கிழக்கே, நார்மன் வீட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. நட்டவருக்குக் காட்டியது முதுகை மட்டும்தான்.

"முதுகு புடிச்சுக்கிச்சுன்னாரே," என்றாள் ஐவி, "யாரு முதுகுன்னு கேட்டீங்களா?"