தாய்மாமன் மடி

சிபியின் மணிக்கட்டுத் தோலுக்கடியில் விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது. பிறந்தவுடன் எல்லோருக்கும் பொருத்துவது. பச்சை என்றால் ரத்தத்தில் எந்த நோயும் இல்லை.

அவன் அதை நம்பவில்லை. பெங்களூரில் முன்பின் தெரியாத ஒருத்தியோடு கழித்த அந்த ஓர் இரவுக்குப் பிறகு விளக்கை இரண்டு முறை மாற்றிப் பார்த்துவிட்டான். புதியவையும் பச்சைதான். விளக்குக்கே தெரியாத கிருமி இருக்காதா என்ன?

இப்போது மண்டபத்தில் அக்கா மகள் யாழிசைக்குக் காதுகுத்து. மொட்டைத் தலையில் சந்தனம் காய, அவள் காத்திருந்தாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ஆசாரி ஊசியைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"உக்காருடா, நல்ல நேரம் போவுது," என்றாள் அக்கா பொற்கொடி.

"வேற யாரையாச்சும் உக்காரச் சொல்லேன்க்கா."

"எனக்கென்ன ஒம்போது தம்பியா இருக்கானுங்க?"

அவன் விரலில் நகத்தோரம் ஒரு கீறல் இருந்தது. குழந்தையின் காதில் ஒரு சொட்டு ரத்தம் வரும். இரண்டும் ஒட்டிக்கொண்டால்? கையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான். சொந்தக்காரர்கள் அவனையே பார்த்தார்கள்.

யாழிசையும் பார்த்தாள். பொங்கலுக்கு வந்தபோதும் மாமா அவளைத் தூக்கவில்லை. சட்டென்று எழுந்து குழாயடிக்கு ஓடினாள்.

திரும்பி வந்தபோது பட்டுப்பாவாடை நனைந்திருந்தது. தேய்த்துத் தேய்த்துச் சிவந்துபோன மணிக்கட்டை அவனிடம் நீட்டினாள்.

"எனக்கும் பச்சதான் மாமா. நல்லா பாரு."