யாஸ்னாவின் குரலில் மறுதரப்பு

புதிய ஊடகச் சட்டம் வந்த பிறகு ஒரு பால்கன் நாட்டில் எந்தச் செய்திக்கும் தடை இல்லை. அதை நம்பித்தான் வானொலி நிருபர் யாஸ்னா சாயத் தொழிற்சாலைத் தீயைப் பற்றித் துணிந்து பேசினாள். நிர்வாகம் கதவை வெளியிலிருந்து பூட்டியிருந்தது. உள்ளே வேலை செய்த பெண்கள் கருகிப் போனார்கள். அதைச் சொல்லும்போது அவள் குரல் தழுதழுத்தது.

பதிவு ஒலிபரப்பானபோது அவளும் கேட்டாள். அவள் முடித்த இடத்திலிருந்து அவளுடைய குரலே தொடர்ந்து பேசியது: "புகை பிடிப்பதற்காக உள்ளே தாழிட்டுக்கொண்டவர்கள் அந்தப் பெண்களேதான்." அதே தழுதழுப்பு.

"நான் இதைச் சொல்லவே இல்லையே!" என்று செய்தி ஆசிரியரிடம் கத்தினாள்.

"மறுதரப்பும் வரணும்னு சட்டம். அதைப் பேசினவங்க குரல்லயே இயந்திரம் சேர்த்துடும். உன் பேச்சுல ஒரு வார்த்தையாவது வெட்டினோமா?" என்றார் அவர், ரொட்டியை மென்றுகொண்டே.

அந்த மேசையிலேயே துப்பிவிடலாம் போலிருந்தது. எழுந்து நேராக மிலேவாவின் வீட்டுக்குப் போனாள். தீயில் மகளைப் பறிகொடுத்தவள் மிலேவா. யாஸ்னாவை நம்பிப் பூட்டின் படத்தைக் கொடுத்தவளும் அவள்தான்.

"அம்மா, கதவைப் பூட்டினது நிர்வாகம்தான். உங்க பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்ல. இத நானே சொல்றேன்."

ஒலிபரப்பைக் கேட்டிருந்த மிலேவா கதவைப் பிடித்தபடி காதுகொடுத்தாள். யாஸ்னா பேசி முடித்த பிறகும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி," என்றாள் கடைசியில். "மீதியையும் சொல்லிட்டுப் போ."