பிளகித்சா அத்தை வீட்டுக் காற்று

எங்கள் ஸ்கோப்யே நகரின் இரும்பு உருக்கு ஆலைக்கு எதிராகக் குடியிருப்போர் அளித்த புகாரை நகராட்சி தள்ளுபடி செய்துவிட்டது. என் ஆய்வுக்காகப் பிளகித்சா அத்தையின் பால்கனியில் நான் பொருத்தியிருந்த மலிவான சென்சார், மாதம் முழுவதும் காற்று சுத்தம் என்றே காட்டியதுதான் காரணம்.

வருத்தம் தெரிவிக்கச் சென்ற என்னை அத்தை வாசலிலேயே நிறுத்தினார்.

“வாங்க விஞ்ஞானி. ஆலைக்காரன் எவ்வளவு கொடுத்தான்?”

“சத்தியமா ஒண்ணும் வாங்கலை அத்தை. கருவி பொய் சொல்லாது.”

“அப்போ எங்க வீட்டுக்காரர்தான் பொய்யா இருமுறாரா?”

“மேல்முறையீட்டுக்கு நாளைக்குக் கடைசி நாள். அதை ஒரு தடவை பார்க்க விடுங்க,” என்று பணிவுடன் வேண்டினேன்.

“பார்த்துட்டு, கையோட கழட்டிக்கிட்டுப் போ. உனக்குப் போய் காபி வேற போட்டுக் கொடுத்தேன் பாரு.”

“மன்னிக்கணும். நீங்க அதை ஏதாவது செஞ்சீங்களா?”

“அடுத்தவன் பொருளை நான் ஏன் நோண்டப் போறேன்? எங்க டிவி ரிமோட் மாதிரி பத்திரமா வச்சிருக்கேன்.”

பால்கனிக் கதவைத் திறந்தேன். பாலிதீன் உறைக்குள், ரப்பர் வளையங்களால் இறுகக் கட்டப்பட்டு, என் சென்சார் புத்தம் புதிதாக இருந்தது.

“நீ மாட்டிட்டுப் போன அன்னைக்கே கட்டிட்டேன்,” என்றார் அத்தை, கோபம் சற்றும் தணியாமல். “நன்றி கெட்டவனே, தினமும் அந்த உறை மேல படியுற கரியைத் துடைச்சே வீட்டுல இருக்கிற துணியெல்லாம் கறுத்துப் போச்சு.”

“அந்தத் துணிகளைத் தோய்ச்சிடாதீங்க அத்தை,” என்றேன். “நாளைக்கு நகராட்சிக்குக் கொண்டு போகணும்.”