நார்மல் அக்கா

ஆய்வகத்தில் பொற்கொடிக்கு ‘நார்மல் அக்கா’ என்று பெயர். புற்றுநோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட நோயில்லாத ரத்தம் தேவைப்படும்போதெல்லாம் அவள்தான் கையை நீட்டுவாள். இன்று திரையில் நோயாளிகளின் கோடுகள் ஏறின. கூடவே அவளுடைய கோடும் ஏறியது. உடன் வேலை செய்யும் இளையவள் சுகிர்தா மறுபடி சோதித்தாள். மறுபடியும் ஏறியது. கோடு ஏறினால், அவர்கள் தேடும் மைக்ரோ ஆர்.என்.ஏ. ரத்தத்தில் கூடியிருக்கிறது என்று பொருள். மிகச் சிறியது. ‘வளர்ந்தது போதும்’ என்று மரபணு செல்லுக்கு அனுப்பும் செய்தியின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். செய்தி சொல்லப்படாமலே போய்விடும். செல் வளர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் அது ஏறினாலே புற்றுநோய் என்று சொல்லிவிட முடியாது. ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்திருந்தாலும் ஏறலாம். சுகிர்தா அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் திரையைப் பார்க்காத பொற்கொடியிடம் போனாள்.

“அக்கா, இன்னொரு தடவை ரத்தம் தர்றீங்களா?”

“நேத்துதானடி குடுத்தேன்! கொசுகூட நாலு வீடு மாறிக் குடிக்கும்.”

“குழாய் கீழ விழுந்து உடைஞ்சிடுச்சுக்கா.”

பொற்கொடி சிரித்துக்கொண்டே வெள்ளை அங்கியின் கையைச் சுருட்டினாள். ரப்பர் பட்டையை எடுக்க மேசைப் பக்கம் திரும்பியவள் அப்படியே நின்றாள். அவளுடைய குழாய் உடையாமல் முழுசாகத் தாங்கியில் இருந்தது. ‘நார்மல்’ என்று அவளே எழுதி ஒட்டிய சீட்டு. பக்கத்தில் அவள் எப்போதும் வரைகிற சிரித்த முகம்.

சுகிர்தா திரையை மறைத்தபடி நகர்ந்து நின்றாள்.

பொற்கொடி பட்டையைத் தானே இறுக்கிக் கட்டிக்கொண்டு கையை நீட்டினாள்.

“இந்தத் தடவை சீட்டுல என்னன்னு எழுதுவ?”