உருகும் வரைக்கும்

"கல்யாணமான புதுசுலேர்ந்து இவளுக்குப் பல்கூச்சம், டாக்டர். ஐஸ்கிரீம் கப்பை நான் கையில வெச்சுக்கிட்டு, கதை பேசிப் பேசி உருக்கித்தான் குடுப்பேன். இனிமேலாவது நிம்மதியா சாப்பிடட்டும்" என்றார் கணவர்.

அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, இளம் பல் டாக்டர் அந்த அம்மாவின் பற்கள்மேல் குளிர்ந்த காற்றை அடித்துப் பார்த்தாள். அம்மா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"கூசலையாம்மா?"

"கூச்சத்துக்குன்னு விக்கிற பேஸ்ட்டைப் போட்டு, அழுத்தாம தேய்ச்சதுல எப்பவோ சரியாயிடுச்சும்மா. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே. வீட்டுல வாயே திறக்காத மனுஷன், கப் உருகுற வரைக்கும் அந்தப் பழைய புதுமாப்பிள்ளையாட்டம் பேசுவார்."

டாக்டர் வெளியே வந்ததும் கணவர் பதறி எழுந்தார்.

"பயப்படும்படி ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லை சார். ஐஸ்கிரீமை மட்டும் எப்பவும்போல நீங்களே உருக்கிக் குடுங்க. அவசரமே வேண்டாம்."