சாட்சிக்கு ஆறு மீன்

“பதினோரு மணி வரைக்கும் உயிரோட இருந்தா போதும்மா. அதுக்கப்புறம் அதுங்க இஷ்டம்” என்றார் கதிரேசன்.

அங்காளம்மாள் வாளியைத் தரையில் இறக்கி வைத்தாள். உள்ளே எட்டு மீன்கள் துள்ளின. பம்மல் மார்க்கெட்டில் பதினைந்து வருடமாகக் கூடை போடுகிறவள். உயிரோடு விடுவதற்காக அவளிடம் யாரும் மீன் வாங்கியதில்லை.

“வஞ்சிரம் மாதிரி கொஞ்சம் கௌரவமான மீன் கிடைக்கலியா?”

“அது கடல் மீனு சார். தொட்டில வுட்டா அப்பவே பூடும். இது ஜிலேபி. கூவத்துலயே குடும்பம் நடத்துற ஜாதி. எதுல வுட்டாலும் சாவாது.”

“நேத்து செத்துச்சே” என்றார் மைதீன் பிச்சை.

அந்தத் தோல் கம்பெனியின் கழிவுநீர் சுத்திகரிப்புப் பிரிவு அவர் பொறுப்பு. எட்டு மாதமாக அங்கே சுத்திகரிப்பு நடக்கவில்லை. மோட்டார் பழுது. மாதம் தவறாமல் எழுதிக் கொடுத்தார். மாதம் தவறாமல் மேனேஜர் கதிரேசன் “பார்க்கலாம்” என்றார். தண்ணீர் தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டு, பின் சுவர் ஓட்டை வழியாகக் காலி மனைக்குப் போனது.

“மூடணும்னு நோட்டீஸ் வந்தப்பவாவது மோட்டாரைப் பார்த்திருக்கலாம் சார். நீங்க பதில் எழுதினீங்க.”

“நல்லாத்தானே எழுதினேன்?”

‘எங்கள் சுத்திகரித்த நீரில் மீனே வளர்கிறது’ என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி தேவதர்ஷினி இன்று பதினோரு மணிக்கு நேரில் வருகிறார். மீன் இருந்தால் கம்பெனி இருக்கும். இல்லையென்றால் இன்றே சீல். நூற்று நாற்பது பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், கதிரேசன் உட்பட.

“நேத்து விட்டது நம்ம தண்ணி பாய். இன்னிக்கு அந்தத் தப்பைப் பண்ணுவேனா?”

வாசலில் டேங்கர் லாரி நின்றது. டிரைவர் மகேஷ் குழாயைத் தொட்டிக்குள் விட்டுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டிருந்தான். தொட்டியின் மேல் புது பெயின்ட்டில் ஒரு போர்டு: ‘சுத்திகரிக்கப்பட்ட நீர்’.

“எங்க அப்பார்ட்மென்ட்டுக்கு ஊத்துறவன். நாங்க குடிக்கிறது, சமைக்கிறது எல்லாம் இவன் தண்ணிதான்” என்றார் கதிரேசன்.

சட்டைப் பையில் போன் அடித்தது. மனைவி ஜோதிலட்சுமி.

“என்னங்க, பாப்பாவுக்கு இன்னிக்கும் உடம்பெல்லாம் தடிப்பு. தண்ணி வேற மஞ்சளா வருது.”

“அது இரும்புச் சத்து ஜோதி. கொதிக்க வெச்சுக் குடு. மீன் வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்.”

“மீன் வேலையா?”

அவர் வைத்துவிட்டார்.

பத்தே முக்காலுக்கு ஆறு மீன்களைத் தொட்டியில் விட்டார்கள். இரண்டை அங்காளம்மாள் வாளியிலேயே வைத்துக்கொண்டாள். மீன்கள் ஒரு சுற்று சுற்றின. கதிரேசன் கை தட்டினார். இரண்டாவது சுற்றில் ஒன்று மல்லாந்தது.

“தூங்குதாம்மா?”

“மீனு மல்லாந்து தூங்குமா சார்?”

பத்து ஐம்பத்தைந்துக்குள் ஆறும் மிதந்தன.

“நேத்து அரை மணி நேரம் தாங்குச்சு சார்” என்றார் மைதீன் பிச்சை.

“ஏம்மா, செத்துப்போற மீனா பார்த்துக் கொண்டாந்தியா?”

“என் மீன கொற சொல்லாத! இத்த பாரு” என்று அங்காளம்மாள் வாளியைச் சாய்த்துக் காட்டினாள். இரண்டும் வாலால் அவர் முகத்தில் தண்ணீர் அடித்தன. “ஏரித் தண்ணில இன்னா ஆட்டம் ஆடுது பாரு. உன் தொட்டிலதான் இன்னாவோ கீது.”

கதிரேசன் ஒரு குச்சியை எடுத்து, மிதந்த மீன்களை நீந்துவதுபோலத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

“இதுதான் நீங்க எழுதின மீனா?”

தேவதர்ஷினி சரியாகப் பதினோரு மணிக்கு வந்திருந்தார். மீன்களைப் பார்த்தார். போர்டைப் படித்தார். பேனாவைத் திறந்தார்.

“மேடம்! எழுதாதீங்க மேடம்!” கதிரேசன் பதறினார். “இது எங்க கம்பெனி தண்ணியே இல்ல. சத்தியமா இல்ல. வெளியில வாங்கின தண்ணி. லாரித் தண்ணி. வேணும்னா இவனையே கேளுங்க.”

“அப்ப உங்க போர்டு பொய்?”

“போர்டு பொய்தான் மேடம். ஆனா மீன் செத்ததுக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல.”

அவர் மகேஷின் தோளைப் பிடித்து உலுக்கினார். “என்ன தண்ணிடா ஊத்தினே? சொல்லுடா!”

“இன்னா சார், மேல கை வெக்கிற? வாராவாரம் உன் வூட்டுக்கு ஊத்துற அதே தண்ணிதான்!”

“எங்கேருந்து எடுக்கறீங்க?” என்று கேட்டார் தேவதர்ஷினி.

“இங்கதான் மேடம், பக்கத்துல.” மகேஷ் தோளை உதறிக்கொண்டு, தொட்டிக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினான். “சொவத்துக்கு அந்தாண்ட காலி மனைல ஒரு பழைய கெணறு கீது. சுத்துப்பட்டுல அத்தினி கெணறும் காஞ்சி பூட்சி. இது மட்டும் எட்டு மாசமா வத்தவே இல்ல, ரொம்பி வழியுது.”

கதிரேசனின் சட்டைப் பையில் மறுபடியும் போன் அடித்தது.

மைதீன் பிச்சை ஆறு மீன்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “நம்ம தண்ணிதான் சார்.”